ஐந்து மணிக்கு மேல் அறிவியல்

(தேசிய அறிவியல் நாளையொட்டித் திருநின்றவூரில் பெற்றோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருநின்றவூரில் நின்று பேசுகிறவர் பூசலாரைச் சொல்லாமல் தொடங்கினால் ஊர் மன்னிக்காது. சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், பொருள் தேடி அலைந்தார், எதுவும் கிடைக்கவில்லை, மனத்துக்குள்ளேயே கட்டி முடித்தார். இது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. சேக்கிழார் அதைச் சொல்லும் விதத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பூசலார் கண்ணை மூடிக்கொண்டு, கோயில் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளவில்லை. நாள் பார்க்கிறார். அடித்தளம் போடுகிறார். சிகரம் எழுப்புகிறார். சுதை பூசுகிறார். கிணறு தோண்டுகிறார். மதில் சுற்றுகிறார், குளம் வெட்டுகிறார். எந்த வேலையையும் தாண்டிக் குதிக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, முறையாகச் செய்கிறார். அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் என்று பேச்செடுத்தாலே, "எங்க ஸ்கூல்ல லேப் கிடையாதுங்க" என்று ஒரு பக்கம் கேட்கிறேன். "மனசிருந்தா போதும்" என்று இன்னொரு பக்கம் கேட்கிறேன். இரண்டையும் நான் ஏற்கவில்லை. பூசலாருக்கு மனம் போதுமானதாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கை வேண்டும். தொட வேண்டும், ஊற்ற வேண்டும், உடைக்க வேண்டும். நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் தோண்டி எடுத்த கற்கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தார்கள். அவ்வளவு காலமாக இந்த மண்ணில் கை ஒன்றைச் செய்து பார்க்க, மூளை அதன் பின்னால் ஓடியிருக்கிறது. நம் பிள்ளைகளை மட்டும் கையைக் கட்டி, வாயில் விரலை வைத்து உட்காரச் சொன்னால் எப்படி?

கைக்கு வேலை தர எனக்கு ஒரு வழி மாலை வகுப்பில் கிடைத்தது. 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற மாலை வகுப்புத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கொரோனாவால் ஒன்றரை ஆண்டு பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தையே மறந்திருந்த நேரம். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்றரை மணி நேரம், ஒரு தன்னார்வலர், ஏறக்குறைய இருபது பிள்ளைகள். திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி, மொட்டை மாடி என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் சேர்ந்தோம், பெரும்பாலும் பெண்கள். ஏரிக்கரைப் பக்கம் எங்கள் தெருவில் நானும் அப்படித்தான் சேர்ந்தேன்.

அந்த முயற்சி வீண் போகவில்லை. கார்த்திக் முரளிதரனும் அவருடன் சேர்ந்த பொருளியல் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது, அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கண்டது. அவர்கள் அளந்தது மொழியும் கணக்கும். அறிவியலை அவர்கள் அளக்கவில்லை. எங்களுக்கும் முதல் ஆறு மாதம் அதற்கு நேரமில்லை. எழுத்துக்கூட்டவே தடுமாறுகிற பிள்ளையிடம் வேறு எதைப் பேசுவது?

பிறகு ஒருநாள் மின்சாரம் போயிற்று. மெழுகுவத்தி ஏற்றினேன். அன்றைக்குத்தான் எல்லாம் தொடங்கியது.

நீங்களும் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சற்று நேரத்தில் தீ அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். தண்ணீர் கண்ணுக்குத் தெரிய இரண்டு சொட்டு நீலம் விட்டுக்கொண்டேன். பிள்ளைகள் "ஏய்ய்" என்று கத்தினார்கள். நான் படித்ததை அப்படியே ஒப்பித்தேன்: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், தீ அதைத் தின்றுவிட்டது, காலியான இடத்துக்குத் தண்ணீர் ஏறியது. எல்லோரும் தலையாட்டினார்கள். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் ஆட்டவில்லை.

"மிஸ், வத்தி எரியறப்போ தண்ணி ஏறவே இல்ல. அணைஞ்ச அப்புறம்தான் சர்ருன்னு ஏறிச்சு. எரியறப்போதானே மிஸ் ஆக்சிஜன் தீரும்?"

அதெல்லாம் அப்படித்தான்மா என்று சொல்லிவிட்டு வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டேன். அப்படிச் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் மனம் உறுத்துகிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எழுந்து போய்ச் சமையலறையில் நானே செய்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. தீ எரிந்தபோது தண்ணீர் அசையவில்லை. அதுமட்டுமில்லை, டம்ளரைக் கவிழ்த்த உடனே அதன் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று குமிழிகள் வெளியேறின. நான் பள்ளியில் படித்தபோதும் அந்தக் குமிழிகள் வந்திருக்கும். பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.

மறுநாள் பிள்ளைகளிடம், நேற்று நான் சொன்னது தப்பாக இருக்கலாம், வாங்க கண்டுபிடிப்போம் என்றேன். மிஸ் தப்பா என்று அவர்கள் முகத்தில் தெரிந்த ஆச்சரியம்! ஒரு பையன், ரெண்டு வத்தி வெச்சுப் பார்க்கலாம் என்றான். டம்ளர் அதே டம்ளர், உள்ளே இருக்கிற ஆக்சிஜனும் அதே அளவு. என் விடை சரியென்றால் தண்ணீரும் அதே உயரத்துக்குத்தான் ஏற வேண்டும். இரண்டு வைத்தோம், கூடுதலாக ஏறியது. மூன்று வைத்தோம், இன்னும் ஏறியது. இன்னொருத்தி, வத்தியே வேணாம் மிஸ் என்றாள். டம்ளரை வெந்நீரில் முக்கிச் சூடாக்கி, உதறிவிட்டு, நீலத் தண்ணீரில் கவிழ்த்தாள். தீயே இல்லாமல் தண்ணீர் மெல்ல உள்ளே ஏறியது.

சங்கதி இதுதான். தீயின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது, கொஞ்சம் குமிழியாக வெளியே போய்விடுகிறது. தீ அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளியே இருக்கிற காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் செலவாவது உண்மை, ஆனால் தீ அணையும் நேரத்தில் அதில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கிறது. எரிந்த பங்குக்கு ஈடாகக் கரியமில வாயுவும் நீராவியும் வந்துவிடுகின்றன. இவ்வளவும் புரிய எங்களுக்கு நான்கு மாலைகள் ஆயின. அந்த நான்கு மாலைகளில் வாய்ப்பாடு கொஞ்சம் பின்தங்கியது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த நான்கு மாலைகளைப் பற்றித்தான். பள்ளியில் ஆசிரியர்கள் பாடத்தை முடிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், மதிப்பீட்டை ஆப்பில் ஏற்ற வேண்டும், சில இடங்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்த வேண்டும். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஒரு கேள்வியை இன்றைக்கு விட்டுவைத்து நாளைக்கு எடுக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. ஐந்து மணிக்கு மேல் அந்த வசதி இருக்கிறது. பரீட்சை இல்லை, மதிப்பெண் இல்லை, மணி அடிப்பதில்லை. ஒரு கேள்வி ராத்திரி வீட்டுக்குப் போய், பிள்ளையோடு பாயில் படுத்து, காலையில் வேறு வடிவத்தில் எழுந்து வரலாம். அந்த நேரத்தையும் டியூஷனாக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்றைக்கு வந்தேன்.

மெழுகுவத்தி என்றதும் மைக்கேல் பாரடே நினைவுக்கு வருகிறார். கொல்லர் மகன், சிறுவயதிலேயே படிப்பை விட்டுவிட்டுப் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குப் போனவர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் சிறுவர்களுக்காகவே நடந்தவை. 1860ஆம் ஆண்டு இறுதியில் அவர் ஒரே ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு ஆறு நாள் பேசினார். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி, எழுபதை நெருங்கிய வயது, எதிரே பிள்ளைகள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சின்ன வேலை என்று அவர் நினைக்கவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு நெடிய மரபு உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்று ஒரு மாவட்டம், இப்போது நர்மதாபுரம். 1972இல் அங்கே 16 கிராமப் பள்ளிகளில் ஒரு சோதனை தொடங்கியது: பாடத்தை மனப்பாடம் செய்யாமல், பிள்ளைகளே செய்து பார்த்து, தாங்களே எழுதிக்கொள்ளும் அறிவியல். ஆயிரம் பள்ளிகளுக்கு மேல் பரவி முப்பது ஆண்டு நடந்தது. 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம். ஆனால் அங்கே போய்வந்தவர்களின் கையில் அது தங்கிவிட்டது. ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு லாரி தயாரிக்கும் ஆலையில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா, 1970களின் கடைசியில் அங்கே போனார். வாரச் சந்தையில் சைக்கிள் வால் டியூபைப் பார்த்தார். அதைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளை இணைத்தார். அதிலிருந்து தொடங்கி, குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். 2018இல் பத்மஸ்ரீ.

எங்கள் வகுப்பு நடக்கும் மாடியில் அந்தத் தீக்குச்சி வேலையைச் செய்து பார்த்தோம். மூன்று குச்சியை இணைத்தால் முக்கோணம், எப்படி அழுத்தினாலும் கோணுவதில்லை. நான்கு குச்சி சதுரம், தொட்டாலே சாய்கிறது. சாயாமல் நிறுத்த என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். பத்து நிமிடத்தில் ஒருவன் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டிவிட்டான். சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது. மறுநாள் அவன் அம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போனவன், மேம்பாலத்து இரும்புச் சட்டத்தையும் உயர்மின் கோபுரத்தையும் காட்டி, எல்லாம் முக்கோணம்தான் என்று எண்ணிக்கொண்டே வந்தானாம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய தடம் நம் ஊர் வழியாகத்தான் போகிறது. அந்தத் தடத்தைத் தினமும் கடக்கிற பிள்ளைகள் அந்த இரும்பைப் பார்க்கத் தொடங்கியது வால் டியூப் கைக்கு வந்த பிறகுதான்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இலிருந்து ஊர் ஊராக இப்படி அறிவியலைக் கொண்டு செல்கிறது. அவர்களுடைய 'துளிர்' இதழ் 1987 முதல் சிறுவர்களுக்காகவே வருகிறது. அதற்கும் முன்னே வழக்கறிஞர் பெ.நா. அப்புசுவாமி வாழ்நாளெல்லாம் அறிவியலைத் தமிழில் எளிமையாக எழுதிக் குவித்தார். அரசும் 2022 நவம்பரில் திருச்சியில் 'வானவில் மன்றம்' தொடங்கி, 13,210 பள்ளிகளுக்கு ஆய்வுப் பொருள்களோடு ஆள் அனுப்பியது. நல்ல காரியம். ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை. கேள்வி கேட்கிற வயது அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பில் பிள்ளை கையைத் தூக்க வெட்கப்படத் தொடங்கிவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் கையை இறக்கச் சொல்லி நாம்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஏரி நிரம்புவது சந்தோஷம், தெருவில் தண்ணீர் நிற்பது துக்கம். ஒரு மழைக்குப் பிறகு, தேங்காய்த் தொட்டியில் நின்ற தண்ணீரைப் பிள்ளைகள் அப்படியே ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தார்கள். உள்ளே நெளிநெளியாய்ப் புழுக்கள். கொட்டச் சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு மனம் மாறி, பாட்டிலின் வாயில் கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்டி, சுவரோரம் வைத்தோம். ஒரு நோட்டில் தினமும் எழுத வேண்டும் என்பது ஒப்பந்தம்.

முதல் நாளே ஒரு சின்னவன் கண்டுபிடித்தான்: பாட்டிலுக்கு மேலே கையை ஆட்டி நிழல் விழச் செய்தால், மேலே மிதக்கிற புழுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே பாய்கின்றன. தட்டவில்லை, ஆட்டவில்லை, நிழல் மட்டும்தான். "நிழலுக்குப் பயப்படுது மிஸ்" என்றான். நிழல் என்றால் மேலே எதிரி என்று அந்தப் புழுவுக்குத் தெரிகிறது. எனக்கு அதுவரை தெரியாது. இரண்டாம் நாள், ஏன் தலைகீழாகத் தொங்குகின்றன என்ற கேள்வி வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தோம். வால் பக்கம் ஒரு சின்னக் குழாய் தண்ணீரின் மேல்தோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூச்சு அங்கேதான். பிறகு புழு உருண்டு கால்புள்ளி போல ஆனது, சாப்பிடுவதை நிறுத்தியது. வாரம் முடிந்து ஒரு மாலை, அந்தக் கால்புள்ளியின் முதுகு வெடித்து ஒரு கொசு மேலேறி, தன் பழைய தோலையே தெப்பமாக்கிக்கொண்டு அதன்மேல் நின்று சிறகு உலர்த்தியது. அந்த நேரத்தில் இருபது பிள்ளைகளும் சத்தமே போடவில்லை.

மிச்சம் இருந்த புழுக்களை என்ன செய்வது என்று அவர்களே பேசினார்கள். வால் வழியாகத்தானே மூச்சு, அதை அடைத்தால்? இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டார்கள். எண்ணெய் மேலே ஆடையாகப் பரவியது, குழாய்கள் காற்றைத் தொட முடியவில்லை. அந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு தொட்டியும் டயரும் கவிழ்க்கப்படாமல் இல்லை. டெங்கு வராமலிருக்கச் சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைப்போம் என்று பாடத்தில் பல தடவை எழுதிய பிள்ளைகள்தான் இவர்கள். எழுதியபோது ஒருவரும் டயரைத் தேடிப் போனதில்லை.

இனி உங்களிடம் இரண்டு வார்த்தை. தாய்மார்கள் என்னிடம் கேட்பது, "ஹோம்வொர்க் முடிச்சாங்களா?" என்றுதான். அந்தக் கவலையை நான் அறிவேன். பட்டாபிராமுக்கும் அம்பத்தூருக்கும் ஷிஃப்டு வேலைக்குப் போய்த் திரும்பி, சோறாக்கி, அதற்கு மேல் பிள்ளையின் நோட்டைத் திறக்க உங்களுக்குத் தெம்பு எங்கே? அதனால் ஹோம்வொர்க்கை நான் விட்டுவிடுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எனக்குக் கொடுங்கள். அப்புறம், பெண் பிள்ளைகள் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நின்றுவிடுகிறார்கள். தம்பியையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எங்களுக்கு அதனால் தொந்தரவு இல்லை.

பெரியவர்களிடம் கேட்பது வேறு. ஆவடி டாங்கி ஆலையிலும், ரயில்வேயிலும், அம்பத்தூர் எஸ்டேட்டிலும் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறீர்கள். அளப்பதும், தேய்ப்பதும், பொருத்துவதும் உங்கள் கையில் இருக்கிற அறிவு. எந்த லேபிலும் அது விலைக்குக் கிடைக்காது. ஒரு மாலை வந்து, நீங்கள் செய்த வேலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பேசவே வேண்டாம், காட்டினால் போதும்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு ஃபிட்டர் வந்தார். பெட்டியைத் திறந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அளக்கும் கருவி. ஒரு பிள்ளையின் தலைமுடி ஒன்றை வைத்து மெல்லத் திருகினார், கிளிக் கிளிக் என்று சத்தம் வந்ததும் நிறுத்தி, படிக்கச் சொன்னார். ஏழு கோடு. அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஏழு. அவ்வளவுதான், மாடியே அமர்க்களமாகிவிட்டது. ஆளுக்கொரு முடியைப் பிடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருத்தியுடையது எட்டு, இன்னொருவனுடையது ஆறு. இடுப்பில் இருந்த தம்பியின் முடியை அளந்தால் நான்குதான். சுவரில் கரித்துண்டால் பட்டியல் எழுதினார்கள். அவரும் பொறுமையாக, ஒவ்வொரு தடவையும் துடைத்து, பூஜ்யம் சரிபார்த்து, மறுபடி அளந்தார். பூஜ்யம் சரிபார்க்காம அளக்கக்கூடாதுடா என்று அவர் சொன்னதைத்தான் என் பிள்ளைகள் இப்போது எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள்.

கிளம்பும் நேரத்தில் ஒருத்தி கேட்டாள்: "தாத்தா, வெள்ளை முடி தடியா, கறுப்பு முடி தடியா?" அவர் தன் தலையைத் தடவிப் பார்த்தார். தெரியலையேம்மா என்றார். எனக்கும் தெரியவில்லை. வருகிற சனிக்கிழமை மைக்ரோமீட்டரோடு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் பாட்டி தாத்தாவிடம் ஒரே தலையிலிருந்து ஒரு வெள்ளை முடியும் ஒரு கறுப்பு முடியும் கேட்டு வாங்கி, காகிதத்தில் மடித்து, பெயர் எழுதிக் கொண்டுவர வேண்டும். கேட்டால் மறுக்காமல் கொடுங்கள்.